டேப் பெட்டியில் ஒரு கட்சிக்காரர்

தென்காசி
12-6-64

திரு. கைலாசம் அவர்கள் சமுகத்துக்கு,

தென்காசிப் பத்திர எழுத்தர் சிவனணைந்தபெருமாள் எழுதிக்கொண்டது. தாங்கள் சென்னையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துச் சௌகரியமாக இருப்பதாகக் கொல்லம் மெயிலில் வந்துபோகிறவர்கள் சொல்லக் கேள்வி. நமக்குள் ஒன்பது வருஷமாகக் கடிதப் போக்குவரத்து இல்லை. இதையும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில்முறை விசாரணை.

என் கட்சிக்காரர் ஒருவர், வயது நாற்பத்தெட்டு, தன் பாட்டைத் தானே வீட்டில் பதிந்து கேட்பதற்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்க விரும்புகிறார். பாட்டும் பெரிய பாட்டு அல்ல, பணமும் பெரிய பணம் அல்ல. பழசானாலும் பாதகமில்லை. எதை வாங்கலாம், எதைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று நாலு வரி எழுதினால் கட்சிக்காரர் நன்றியுடையவராக இருப்பார்.

இதுவரை எழுதியதைக் காப்பி கொண்டுவந்த செண்பகவல்லி தோளுக்கு மேலாக வாசித்துவிட்டாள். "கட்சிக்காரராம்லா! அவருக்கு மூலவியாதி உண்டுன்னும் சேத்து எழுதுங்க. கைலாசம் அண்ணாச்சிக்கு ஆள் வெளங்கிரும்" என்கிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆனவனுக்கு ஒரு பொய்கூடச் சொந்தமாக இருக்கக்கூடாது.

சரி, கட்சிக்காரன் நான்தான்.

இலஞ்சிக் கோயில் கமிட்டிக்கு இப்போது சுந்தரபாண்டியன் தலைவர். ஐப்பசி சஷ்டியில் மூன்றாம் நாள் என்னைப் பாடச் சொல்லுகிறார். நான் திடீரென்று வித்வானாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். போன வருஷம் பாடியவர் வண்டிச் சத்தப் பணம் கேட்டுச் சண்டை போட்டாராம். நான் சைக்கிளில் வந்துவிடுவேனாம். புரட்டாசி முடிவதற்குள் சரி, இல்லை என்று சொல்லவேண்டும்.

அதே கோயில், அதே பந்தல். ஐம்பத்தைந்தில் அங்கே நடந்தது தங்களுக்கு மறந்திருந்தால் இலஞ்சியில் யாரைக் கேட்டாலும் நடித்தே காட்டுவார்கள். நான் பாட, தாங்கள் ஆர்மோனியம். மூன்றாவது பாட்டில் தாங்கள் கட்டையிலிருந்து கையை எடுத்தீர்கள். எடுத்ததோடு விட்டீர்களா, சபையைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள், சுருதி சேராதவனோடு நான் என்ன செய்ய என்கிற மாதிரி. பந்தல் சிரித்தது. அன்றையிலிருந்து நான் வெளியிடத்தில் வாயைத் திறப்பது சாப்பிடவும், பத்திரத்தை வாசித்துக் காட்டவும் மட்டும்தான்.

எனக்குச் சுருதி நிற்கிறதா, இல்லையா? அது எனக்குத் தெரியவேண்டும். ஊரில் கேட்டால் பிரமாதம் என்பார்கள், நாளைக்குக் கிரயப் பத்திரத்துக்கு என்னிடம்தானே வரவேண்டும். செண்பகவல்லியிடம் கேட்டால் சோறு ஆறுகிறது என்பாள். முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் நீர் ஒருவர். உம்மிடம் போய்க் கேட்பதற்கு எனக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை. ஆகவே ஒரு இயந்திரம்.

சிவனணைந்தபெருமாள்

(தாங்கள் என்று தொடங்கி நீர் என்று முடித்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை, அப்படியே பாவிக்கவும்.)


சென்னை
19-6-64

சிவனணைந்தபெருமாளுக்கு,

கடிதம் கிடைத்தது. கட்சிக்காரருக்குச் சொல்லவும்.

புதுப் பெட்டி வேண்டாம். ஆயிரத்துக்கு மேல் ஆகும். பழசில் உம் கைக்கு முதலில் வரப்போவது ஜப்பான் பேட்டரிப் பெட்டி. சோற்று டப்பா அளவு இருக்கும். ஒலிபெருக்கிக் கடைக்காரன் எவனாவது வைத்திருப்பான். மலிவாகச் சொல்லுவான். தொடாதீர். நாடாவை ஒரே வேகத்தில் இழுப்பதற்கு ஒரு தண்டு வேண்டும். அது அதில் இல்லை. சக்கரம் இழுத்த இழுப்புக்கு நாடா போகும். பேட்டரி களைத்தால் பாட்டும் களைக்கும். கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவரும் அமெரிக்கப் பெட்டி நல்ல பெட்டிதான், ஆனால் அது 110 வோல்ட். அதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கித் தூக்கிக்கொண்டு திரியவேண்டும். மோட்டாரும் நம் கரண்டில் மெதுவாகத்தான் சுற்றும்.

என் கடையில் ஒரு டச்சுப் பெட்டி இருக்கிறது. வால்வு செட். ஒரு வக்கீல் விற்கச் சொல்லிக் கொடுத்தது. நானூறு. நாடாவை அழுத்துகிற ரப்பர் உருளை தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். கிரீச்சிடாது. உமக்கு அது போதும்.

எதை வாங்கினாலும் பாட்டோடு சுருதிப்பெட்டியையும் சேர்த்துப் பதியவேண்டும். பெட்டி மெதுவாக ஓடினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். வேகமாக ஓடினால் சேர்ந்து ஏறும். குரலையும் சுருதியையும் பிரிக்க எந்தப் பெட்டியாலும் ஆகாது. பிரிந்து கேட்டால் அது பாடினவர் பொறுப்பு.

இலஞ்சி விஷயம் எழுதலாம் என்றிருந்தேன். இன்லண்டில் இடம் முடிந்துவிட்டது.

கைலாசம்


தென்காசி
6-7-64

வே கைலாசம்,

இடம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர். அதற்குக் கீழே நாலு விரற்கடை வெள்ளைத் தாள் இருந்தது. அளந்து பார்த்தேன். நிலத்தை அளந்தே நரைத்தவனிடம் இந்த வேலை வேண்டாம்.

நீர் தொடாதீர் என்றதைத் தொட்டுவிட்டேன். நம்ம ஒலிபெருக்கிக் கடை இசக்கிப்பாண்டி, கல்யாண வீட்டில் காது கிழிய வைப்பானே அவன், ஜப்பான் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அண்ணாச்சி, இதுல நீங்க தும்முனாக்கூடக் கச்சேரி மாதிரிக் கேக்கும்" என்றான். ஒரு வாரம் வாடகைக்கு வாங்கினேன். வாங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். உம் பேச்சைப் பாதி கேட்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் கிடந்த பேட்டரியை மாற்றவேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நாலு பாட்டு உருகிப் பாடினேன். திருப்பிப் போடுவதற்குள் நின்றுபோயிற்று. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். வே, எலி! ஒரு எலி, அதுவும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற எலி, பக்தியோடு முருகனைக் கூப்பிடுகிறது. சுருதிப்பெட்டி கொசு மாதிரி கூடவே வருகிறது. செத்த பேட்டரியில் நடந்து பதிந்ததெல்லாம் புதுப் பேட்டரியில் ஓடுகிறது. செண்பகவல்லி அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது, முந்தானை முகத்தில் இருந்தது. அதிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பெயர் எலி பாகவதர்.

சிரித்து முடித்தபிறகு அலுப்பாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தான் தேறுவானா மாட்டானா என்று ஒரு டப்பாவிடம் கேட்கிறான். பகல் முழுக்க அடுத்தவன் வயலுக்கு நாலெல்லை எழுதுகிறேன். சாயங்காலம் என் எல்லை எங்கேயென்று தெரியவில்லை.

டச்சுப் பெட்டியை அனுப்பும். செண்பகவல்லி சீட்டு எடுத்திருக்கிறாள். "வாங்கித் தொலைங்க. ஒங்க மொணமொணப்பைக் கேக்கதுக்குப் பாட்டையே கேட்டுருதேன்" என்பது அவள் ஒப்புதல்.

சிவனணைந்தபெருமாள்


சென்னை
18-7-64

சிவனணைந்தபெருமாளுக்கு,

பெட்டியை லாரி பார்சலில் போட்டிருக்கிறேன். வைக்கோல் சுற்றியிருக்கிறது. பிரித்ததும் போடாதீர். இப்போது சாரல் நேரம், ஈரம் இறங்கியிருக்கும். ஒரு நாள் வெயிலடிக்கிற அறையில் வைத்து அப்புறம் போடவும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டபிறகு உங்களுக்குக் கரண்டு குறைந்து தொங்கும். காலையில் பாடவும். நாடா உரசுகிற இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவேண்டும். எண்ணெய் விடக்கூடாது. நீர் விடுவீர் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உம் வீட்டுக்குப் பக்கத்தில் ரைஸ்மில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் சத்தமில்லாத இடமாகப் பார்த்துப் பதியவும்.

இரண்டு ஸ்பூல் நாடா வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு விலை இல்லை.

ஈரத்தில் கெடாத பொருள் நம் ஊரில் எதுவும் இல்லை. அதை நினைத்தால்... சரி, பிறகு எழுதுகிறேன்.

கைலாசம்


தென்காசி
12-8-64

வே கைலாசம்,

நீர் எனக்கு விற்றது டேப் ரிக்கார்டர் அல்ல, வடைச்சட்டி.

நடந்ததைச் சொல்லுகிறேன். ரைஸ்மில் இருக்கிறது. முன்னைவிட ஒரு எஞ்சின் கூட. ஆகவே சத்தமில்லாத இடம் எது என்று நானும் செண்பகவல்லியும் யோசித்தோம். நீரும் நானும் பிறந்த குற்றாலத் தெருவிலேயே ஒரு பங்களா காலியாகக் கிடக்கிறது. அண்ணன் தம்பி வழக்கு, சாவி என்னிடம். பெட்டியைச் சாக்குச் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு புதன்கிழமை விடியக்காலையிலேயே போய்விட்டோம். சீசன் கூட்டம் இன்னும் எழுந்திருக்கவில்லை. மில் இல்லை, மாட்டு வண்டி இல்லை, ரேடியோ இல்லை. "இங்கன ஒரு ஈ பறந்தாக்கூடக் கேக்கும்" என்றாள் செண்பகவல்லி. ஜன்னலைக்கூடத் திறந்தே வைத்தோம். அவள் சுருதிப்பெட்டிக்குத் துருத்தி போட, நான் ஆறு பாட்டுப் பாடினேன். பாடும்போதே எனக்குத் தோன்றியது, பையா, நீ அப்படியொன்றும் மோசமில்லை என்று.

வீட்டுக்கு வந்து போட்டால் முதலிலிருந்து கடைசிவரை எண்ணெய் கொதிக்கிறது. ஆயிரம் வடை ஒரே நேரத்தில் வேகிற சத்தம். அதற்கு அடியில் எங்கோ ஒரு மனிதன் கூப்பாடு போடுகிறான், எண்ணெய்க்குள் விழுந்தவன் மாதிரி. அது நான்.

துடைத்தேன். எண்ணெய் விடவில்லை. (ஒரு சொட்டு. உள்ளே இல்லை, மூடியின் கீலில்.) மறுபடியும் வடை. அந்த ஸ்பூலை அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பார்த்துவிட்டு, இதற்குப் பரிகாரம் சொல்லும், அல்லது வக்கீலிடம் சொல்லி நானூறை வாங்கிக்கொடும். எதுவாகவும் இருக்கட்டும். எனக்கு ரெண்டு நாளாகக் காது இரைகிறது.

சிவனணைந்தபெருமாள்


சென்னை
21-8-64

வே,

ஸ்பூல் வந்தது. கடையில் போட்டேன். நீர் சொன்ன சத்தம் இருந்தது. நான் பார்த்து அனுப்பிய பெட்டி இப்படிப் பதிந்திருக்கிறதே என்று எனக்கு அவமானமாகிவிட்டது. கோளாறு என் பெட்டியிலா என்று இங்கே இருந்த பெட்டியைக் கழற்றினேன். வால்வு மாற்றினேன். ஸ்பீக்கர் வயரை மாற்றினேன். இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் வந்து நின்று போனார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் கவனித்தேன். இயந்திர இரைச்சல் ஒரே மட்டமாக இருக்கும். இது அப்படியில்லை. கூடுகிறது, குறைகிறது. காற்று வந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒரு இடத்தில் விம்மி இறங்குகிறது.

வே சிவனணைந்தபெருமாள், அது அருவி.

பெட்டிக்கு ஒன்றும் இல்லை. நீரும் நானும் பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடந்ததால் நமக்கு அது சத்தமாகவே படுவதில்லை. செண்பகவல்லிக்கும் கல்யாணமாகிக் குற்றாலத்தில் இருந்த வருஷங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்தமில்லாத இடம் தேடிப் பேரருவிக்கு இரண்டு பர்லாங்கில் போய் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடியிருக்கிறீர்கள். பெட்டி வெளியூர்ப் பெட்டி. அதற்கு எல்லாம் கேட்கும்.

தெரிந்தபிறகு பாட்டைத் தேட மனம் வரவில்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு முழு ஸ்பூலையும் ஓடவிட்டேன். நான் அங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வரமுடியாமல் இல்லை.

உம் குரல் இதில் சரியாகப் பிடிபடவில்லை. சுருதியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மில் லீவு விடுகிற நாளில் தென்காசி வீட்டிலேயே பதியவும். இந்த ஸ்பூலைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பதில் புது ஸ்பூல் வருகிறது.

கைலாசம்


தென்காசி
1-10-64

வே கைலாசம்,

தாமதத்துக்குக் காரணம் மில். அதுக்குப் புரட்டாசியில்தான் பெல்ட் அறுந்தது. தெருவே நிசப்தமாயிற்று. செண்பகவல்லி துருத்தி போட்டாள். நாலு பாட்டுப் பாடினேன். நீர் சொன்னபடி எல்லாம் செய்தேன்.

திருப்பிப் போட்டேன். முதலில் சுருதிப்பெட்டி கேட்டது, சுத்தமாக, நம் வீட்டுப் பெட்டிதான். அப்புறம் யாரோ ஒரு கிழவன் பாடினான். மூக்கால் பாடினான். தொண்டையில் பாக்குத்தூள் ஒட்டியவன் மாதிரி நடுநடுவே செருமினான்.

"ஏட்டி, யாருட்டி இது?" என்று கேட்டேன்.

"நீங்கதான்."

"என் குரலா?"

"இருவத்தாறு வருசமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். வேற குரல் எங்கன வச்சிருந்தீங்க?"

வே, நான் வேறு குரல் வைத்திருந்தேன். என் மண்டைக்குள்ளே. கனமாக, கொஞ்சம் தேன் கலந்து, இருபத்தைந்து வயதில். அதைத்தான் ஊரும் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். சுருதி சேர்கிறதா என்று கவனிக்கத்தான் பெட்டி வாங்கினேன். கவனிக்கத் தெம்பே இல்லை. அந்தக் கிழவனைப் பார்த்தால் சேர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை. இரண்டு தரம் போட்டேன். மூன்றாவது தரம் எழுந்து போய்க் கொடியில் வேட்டி காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன்.

உமக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ஐம்பத்தைந்தில் நீர் கையை எடுத்தது சரிதான். நானாயிருந்தால் முதல் பாட்டிலேயே எடுத்திருப்பேன். ஒன்பது வருஷமாக உம்மைப் பற்றி நான் சொல்லாத வார்த்தை இல்லை. குற்றாலத்தில் பாதி, தென்காசியில் மீதி. அவ்வளவையும் இதன்மூலம் வாபஸ் பெறுகிறேன். இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் உம் பேரில் எவ்வித வருத்தமும் பாத்தியதையும் இல்லை என்று இன்று என் முழு மனதோடு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தேன். சாட்சி, செண்பகவல்லி. கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள்.

நாளைக் காலையில் இலஞ்சிக்குப் போய்ச் சுந்தரபாண்டியனிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன். இந்த ஸ்பூலை நீரே வைத்துக்கொள்ளும். வீட்டில் வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் செண்பகவல்லி ரேடியோ நாடகம் பிடிக்கப்போகிறாளாம். நல்ல பெட்டி. உமக்கு நன்றி.

சிவனணைந்தபெருமாள்


சென்னை
8-10-64

சிவனணைந்தபெருமாளுக்கு,

உம் விடுதலைப் பத்திரம் செல்லாது. உண்மையை மறைத்து வாங்கிய பத்திரம் செல்லாது என்று உமக்கே தெரியும்.

முதலில் ஸ்பூலைச் சொல்லுகிறேன். கடையில் பெரிய ஸ்பீக்கரில் நாலு தரம் கேட்டேன். சுருதிப்பெட்டியும் நீரும் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள். இரண்டாவது பாட்டில் மேலே போகும்போது மூச்சு வாங்குகிறது. மூச்சுத்தான், சுருதி அல்ல. குரலுக்கு வயதாகியிருக்கிறது. என் தலைக்கும் ஆகியிருக்கிறது. தன் குரலை முதல்தரம் கேட்டவன் எவனும் அது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதில்லை. என் கடைக்கு வந்து பதிந்த எல்லாரும் சண்டைதான் போட்டிருக்கிறார்கள்.

இனி ஐம்பத்தைந்து.

அந்த ஐப்பசியில் பத்து நாள் அடைமழை. உம் சுருதி இரண்டு கட்டை. என் ஆர்மோனியத்தில் அந்தக் கட்டை ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொண்டது. அமுக்கினால் காற்றுத்தான் வந்தது. முதல் நாளே தெரியும். நீர் கேட்டபோது சரிபண்ணிவிட்டேன் என்று சொன்னேன். நான்தான் ரிப்பேர்க்காரன் ஆயிற்றே. மேடையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தேன், கட்டை பேசவில்லை. ஒரு கட்டை மேலே வைத்து ஆரம்பித்தேன். சுருதி கேட்டதும் நீர் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். நான் தலையாட்டினேன், சரிதான் பாடும் என்று. நீர் என்னை நம்பிப் பாடினீர். இரண்டு பாட்டு இழுத்துப் பிடித்தீர். மூன்றாவதில் எட்டவில்லை, நழுவிற்று. முன்வரிசையில் ஒருவர் திரும்பி ஆர்மோனியத்தைப் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. கையை எடுத்தேன். மீதி உமக்குத் தெரியும்.

மறு மாதமே சென்னைக்கு வந்தேன். தொழில் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்தேன். இன்லண்டில் இடம் இருந்தது. நீர் பாடுகிறேன் என்று சொல்லியிருந்தால் இதைக் கடைசிவரை எழுதியிருக்கமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீர் இல்லை என்று சொல்லியிருப்பீர், அதுவும் நான் செய்தது சரி என்று சொல்லிக்கொண்டு. அதை என்னால் வைத்திருக்க முடியவில்லை.

அந்த ஆர்மோனியம் பரண் மேல் இருக்கிறது. அந்தக் கட்டை இன்னும் ஊமை. ஊர் ரேடியோவை எல்லாம் பேசவைக்கிறேன்.

நீர் சொன்னால் சஷ்டிக்கு வந்து அதே பந்தலில் மைக்கில் சொல்லிவிடுகிறேன்.

கைலாசம்


தென்காசி
14-10-64

ஏலே கைலாசம்,

உன் கடிதத்தை ரிஜிஸ்டர் கச்சேரி மரத்தடியில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு ஒரு கிரயப் பத்திரத்தில் விற்றவன் பெயரை வாங்கினவன் இடத்தில் எழுதிவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தவறு. அதுவும் உன் கணக்கில்.

திட்டலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல வார்த்தைகள் எல்லாவற்றையும் இந்த ஒன்பது வருஷத்தில் செலவழித்துவிட்டேன், அதுவும் தவறான காரணத்துக்கு. இப்போது சரியான காரணம் கிடைத்திருக்கிறது, கையில் சரக்கில்லை. அலுப்பாக இருக்கிறது, கைலாசம்.

நான் நிமிர்ந்து பார்த்ததும் நீ தலையாட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை நாளும் அதை உனக்குச் சாதகமாக வைத்திருந்தேன். என்னதான் கையை எடுத்தாலும், பாவி, முதலில் தைரியம் சொன்னான் என்று.

செண்பகவல்லிக்கு வாசித்துக் காட்டினேன். "வரட்டும், ஒரு வாய் காப்பி குடுக்க மாட்டேன்" என்றாள். அரைமணி நேரம் கழித்து, "குடுக்கேன். சீனி போடமாட்டேன்" என்றாள். அவள் எல்லை அதுவரைதான் நகர்ந்திருக்கிறது.

இலஞ்சிக்கு ரெண்டாம் தேதியே போய் இல்லை என்று சொல்லியாயிற்று. நேற்று மறுபடி சைக்கிளை மிதித்தேன். சுந்தரபாண்டியன் தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன வே, அன்னைக்கு வேண்டாம்னீரு. இன்னைக்கு வேணுங்கீரு. நடுவுல என்ன முருகன் கனவுல வந்தாரோ?"

"இல்ல, தபால்ல வந்தாரு" என்றேன்.

மூன்றாம் நாளுக்கு வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவரைப் பேசிவிட்டாராம். எனக்கு முதல் நாள், மத்தியானம் மூன்று மணி. கோயில் சாப்பாடு முடிந்து, படுக்க நிழல் தேடுகிறவர்கள் மட்டும் பந்தலில் இருப்பார்கள். "தூங்குதவங்கள எழுப்பாமப் பாடுவீரா?" என்று கேட்டார். பாடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அது போதும். இந்த வயதில் முழித்திருக்கிற சபையைத் தாங்க இடுப்பும் இடங்கொடுக்காது.

நீ மைக்கில் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தக் கதை இலஞ்சியில் ஒன்பது வருஷமாக ஓடுகிறது. பிள்ளைகளுக்குக்கூடப் பாடம். நடுவில் போய் ஆளை மாற்றினால் அவர்களுக்குக் குழப்பம். அது கிடக்கட்டும். எனக்குத் தெரிந்தால் போதும் என்றுதானே நானூறு ரூபாய் கொடுத்துப் பெட்டி வாங்கினேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று செண்பகவல்லி கேட்கிறாள். இன்னும் ஆகவில்லை. பத்திரம் எழுதினால் அதே நாளில் ரிஜிஸ்டர் ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. நாலு மாதம் அவகாசம் உண்டு.

கீழப்பாவூர் அய்யாக்குட்டியை ஆர்மோனியத்துக்குக் கேட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு வாசிக்கிற வழக்கம் இல்லையாம். செண்பகவல்லி தானே வந்து துருத்தி போடுகிறேன் என்கிறாள். அப்படி நடந்தால் இலஞ்சிக்கு அடுத்த ஒன்பது வருஷத்துக்குக் கதை கிடைத்துவிடும். அதனால்தான் சொல்லுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. வந்தால் வா.

சிவனணைந்தபெருமாள்


(கார்டு)
சென்னை
19-10-64

சிவனணைந்தபெருமாளுக்கு,

கொல்லம் மெயிலில் வருகிறேன். சஷ்டிக்கு இரண்டு நாள் முந்தி. ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கழற்றினேன். கால்மணி நேர வேலை. எல்லாக் கட்டையும் பேசுகிறது.

எந்தச் சுருதியில் பாடப்போகிறீர் என்று உடனே எழுதும். இரண்டேதானா, இறங்கியிருக்கிறதா, கூச்சப்படாமல் எழுதும். நீர் சொல்லுகிற கட்டையில் கையைப் பழக்கிக்கொண்டு வருகிறேன்.

கைலாசம்